மரக்கானாவில் ஒரு பிளேடு: ரோஹாஸ் விவகாரம், 1989

1989 செப்டம்பர் 3. ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலும் சிலியும் ஆடிக்கொண்டிருந்தன. 1990 இத்தாலி உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அந்தப் பிரிவின் கடைசி ஆட்டம் அது. கேலரியில் 1,40,000 பேருக்கு மேல். இரண்டாம் பாதி தொடங்கிய சிறிது நேரத்தில் கரேக்கா அடித்த கோலால் பிரேசில் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. எழுபதாவது நிமிடத்தை நெருங்கும்போது கேலரியிலிருந்து பறந்து வந்த ஒரு ஃப்ளேர், அதாவது எரிந்து புகை கக்கும் சைகைக் குச்சி, சிலியின் கோல் பகுதியில் விழுந்து புகையத் தொடங்கியது. கோல்கீப்பர் ரொபெர்தோ ரோஹாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. சக வீரர்கள் ஓடி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். பிறகு திரும்பவே இல்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த நடுவர் ஹுவான் கார்லோஸ் லௌஸ்தௌ காத்திருந்து பார்த்துவிட்டு ஆட்டத்தை அத்துடன் முடித்தார்.

வழிந்த ரத்தம் நிஜம், நெற்றியில் இருந்த வெட்டும் நிஜம். அந்த வெட்டை உண்டாக்கியது ரோஹாஸ் தன் கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேடு. ஃப்ளேர் அவர் மேல் படவே இல்லை.

கால்பந்தில் காயம்பட்டதாக நடிப்பது பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் உருண்டு புரளும் முன்கள வீரர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். சிரித்துவிட்டுக் கடந்தும் போகிறோம். அப்படிக் கடந்துபோகக் கூடாது என்று நினைப்பதால்தான் இந்த வழக்கை முழுதாக எடுத்து எழுதுகிறேன். இதில் எல்லாமே வெளியே வந்திருக்கிறது: என்ன ஆதாயம் எதிர்பார்க்கப்பட்டது, எப்படிப் பிடிபட்டது, யார் தண்டனை பெற்றார்கள், யார் தலையில் அந்தத் தண்டனை விழுந்தது. நடிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஆட்டத்துக்கு முன்னால் நடந்தவை

தென்னமெரிக்கத் தகுதிச் சுற்றில் பிரேசில், சிலி, வெனிசுவேலா மூன்றும் ஒரே பிரிவில் இருந்தன. முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும்தான் வாய்ப்பு. ஆகஸ்ட் 13 அன்று சாண்டியாகோவில் நடந்த முதல் சந்திப்பே அடிதடியாகத்தான் இருந்தது. பிரேசிலின் ரொமாரியோ ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டை வாங்கினார், சிலியின் ராவுல் ஒர்மேன்யோவும் வெளியேற்றப்பட்டார். பெனால்டி பகுதிக்குள் கிடைத்த ஒரு மறைமுக ஃப்ரீ கிக்கை, பிரேசில் வீரர்கள் நடுவரோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதே சிலி சட்டென்று எடுத்து கோலாக்கியது. ஆட்டம் 1-1 சமன்.

இதற்குப் பிறகு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா எடுத்த முடிவு முக்கியமானது. சாண்டியாகோ ரசிகர்களின் நடத்தைக்காக, வெனிசுவேலாவுடனான சிலியின் சொந்த மண் ஆட்டத்தை நாட்டுக்கு வெளியே, அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் நடத்தச் சொன்னது. சிலி அங்கே போய் 5-0 என்று ஜெயித்தது. ஆனால் ஒரு பாடம் அவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தது: கேலரியில் ரசிகர்கள் எல்லை மீறினால் அதற்கான விலையை அந்த நாட்டு அணி கொடுக்க வேண்டும். சாண்டியாகோ ஆட்டத்துக்கு மூன்று வாரம் கழித்து மரக்கானாவில் நடந்ததை இதோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் கணக்கு பொருந்துகிறது.

கடைசி ஆட்டத்துக்கு வரும்போது இரண்டு அணிகளுக்கும் தலா 5 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் பிரேசில் மேலே இருந்தது. ஆக, பிரேசிலுக்குச் சமன் போதும். சிலி ஜெயித்தே ஆக வேண்டும், அதுவும் மரக்கானாவில். அந்த மைதானத்தில், அந்தக் கூட்டத்தின் முன்னால், கரேக்காவும் பெபெட்டோவும் இருக்கும் அணியை நேர்மையாக ஆடி ஜெயிப்பது எவ்வளவு கடினம் என்பது சிலி முகாமில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பிரேசில் ரசிகர்களால் ஒரு சிலி வீரர் காயப்பட்டார் என்று ஆகிவிட்டால் நிலைமை தலைகீழாக மாறும். ஆட்டம் ரத்தாகலாம், பொது மைதானத்தில் மறுபடி நடக்கலாம், பிரேசிலே தகுதி இழக்கலாம். அதுவரை எல்லா உலகக் கோப்பையிலும் ஆடிய ஒரே நாடு பிரேசில்தான். அந்த வரலாறே ஆட்டம் கண்டது.

ரோஹாஸ் யார்

இந்த வழக்கில் எனக்கு அதிக வேதனை தருவது இந்தப் பகுதிதான். ரோஹாஸ் வேறு வழி தெரியாத சாதாரண வீரர் அல்ல. ரசிகர்கள் அவரை 'காண்டோர்' என்று அழைத்தார்கள், ஆண்டிஸ் மலையின் அந்தப் பெரிய கழுகின் பெயரால். கோலோ-கோலோ கிளப்பில் பெயர் வாங்கியவர். தென்னமெரிக்க நாடுகளுக்கான 1987 கோப்பா அமெரிக்கா தொடரில் சிலி பிரேசிலை 4-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் கோலைக் காத்தவர் அவர்தான். சிலி இறுதி ஆட்டம் வரை போய் உருகுவேயிடம் 1-0 என்று தோற்ற தொடர் அது. அதே ஆண்டு பிரேசிலின் சாவ் பாவ்லோ கிளப் அவரை எடுத்துக்கொண்டது. வெளிநாட்டு கோல்கீப்பரை ஒரு பெரிய பிரேசில் கிளப் நம்பி எடுக்கிறது என்றால் சும்மா இல்லை. தென்னமெரிக்காவின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் என்று அன்றைக்கு அவரைச் சொன்னார்கள், அது நியாயமான பேச்சுதான்.

ஆக மரக்கானாவில் அவர் ஆடியது தனக்குச் சம்பளம் தரும் நாட்டுக்கு எதிராக. வயது 32. அடுத்த உலகக் கோப்பை வரும்போது 36 முடிந்திருக்கும். ஒரு வீரர் என்ன நினைத்திருப்பார் என்று புரிந்துகொள்ளலாம். புரிந்துகொள்வதால் அது நியாயமாகிவிடாது.

பிளேடு கையுறைக்குள் ஆட்டத்துக்கு முன்பே வைக்கப்பட்டது. ஃப்ளேர் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதாவது, ஏதாவது ஒன்று வந்து விழட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். பெனால்டி பகுதியில் தடுக்கி விழும் ஒரு வீரர் அரை நொடியில் எடுக்கும் முடிவுக்கும் இதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. இரண்டையும் நாம் 'நடிப்பு' என்றே சொல்லிவிடுகிறோம். இது திட்டமிட்ட மோசடி.

எப்படிப் பிடிபட்டது

அன்றிரவு உலகம் பார்த்தது சிலி சொன்ன கதையைத்தான். தொலைக்காட்சி கேமராக்கள் பந்தின் பின்னால் போய்க்கொண்டிருந்ததால் ஃப்ளேர் விழுந்த அந்தக் கணம் ஒளிபரப்பில் இல்லை. கேமரா திரும்பும்போது புகை, கீழே ரோஹாஸ், அவ்வளவுதான். சிலியில் கோபம் கொழுந்துவிட்டது. சாண்டியாகோவில் பிரேசில் தூதரகத்தின் மீது கல் விழுந்தது. அப்போது ஃபிஃபாவின் தலைவர் ஜுவாவ் ஹாவெலாஞ்ச், ஒரு பிரேசிலியர். தீர்ப்பு பிரேசிலுக்குச் சாதகமாக வந்தால் அதை சிலியில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வாய் வார்த்தைக்கு மதிப்பே இல்லாத நிலைமை.

காப்பாற்றியது ஒரு புகைப்படக்காரரின் ஃபிலிம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரிக்கார்தோ அல்ஃபியேரி அன்று கோலுக்கு அருகே படமெடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளேர் விழும் வரிசைப் படங்கள் அவரிடம் இருந்தன. அந்த ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது ஃப்ளேர் ரோஹாஸுக்குப் பின்னால், அவர் மேல் படாமல் தரையில் விழுவது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. காயமும் அதையே சொன்னது. கூரான ஒன்றால் கிழித்த வெட்டுதான் இருந்தது, தீக்காயத்தின் அடையாளம் இல்லை.

ஃப்ளேரை எறிந்தது 24 வயதுப் பெண் ஒருவர். போலீஸ் அவரைப் பிடித்துப் பிறகு விட்டுவிட்டது. அவர் செய்ததும் சாதாரணத் தவறல்ல. அந்த ஃப்ளேர் கடலில் ஆபத்துச் சைகைக்குப் பயன்படும் வகை, நேராக யார் மேலாவது பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. பிரேசில் தரப்பில் ஒரு நிஜமான குற்றம் நடந்தது, அதற்கு மேல் சிலி தரப்பில் ஒரு பொய் கட்டப்பட்டது. ரோஹாஸ் எதுவும் செய்யாமல் நடுவரிடம் போய் ஃப்ளேரைக் காட்டி முறையிட்டிருந்தாலே சிலியின் புகாருக்கு வலு இருந்திருக்கும். பொய் சொன்னதால் உண்மையான புகாரும் சேர்ந்து செத்துப்போனது.

தண்டனை

ஃபிஃபா அந்த ஆட்டத்தை பிரேசிலுக்கு 2-0 வெற்றி என்று அறிவித்தது. அப்புறம் விசாரணை. ரோஹாஸுக்கு வாழ்நாள் தடை. பயிற்சியாளர் ஒர்லாந்தோ அராவெனா, அணி மருத்துவர் தனியேல் ரொத்ரீகெஸ், சிலி கால்பந்துச் சங்கத் தலைவர் செர்ஹியோ ஸ்தோப்பெல் ஆகியோரும் தடை செய்யப்பட்டார்கள். அணியை மைதானத்திலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போனதற்காகத் தடுப்பாட்டக்காரர் ஃபெர்னாந்தோ அஸ்தெங்கோவுக்கும் தடை விழுந்தது. 1990 வாய்ப்பு போனதோடு, 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் சிலி கலந்துகொள்ளக் கூடாது என்று ஃபிஃபா முடிவெடுத்தது.

முதலில் மறுத்துவந்த ரோஹாஸ், 1990இல் சிலியின் 'லா தெர்செரா' நாளிதழிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தானே வெட்டிக்கொண்டதாகச் சொன்னார். யாருக்கு எவ்வளவு முன்கூட்டியே தெரியும் என்பதில் சம்பந்தப்பட்டவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

தண்டனைப் பட்டியலில் மருத்துவரின் பெயர் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இருபது வருடம் கழித்து, 2009 ஏப்ரலில், லண்டனில் ஒரு ரக்பி ஆட்டத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று நடந்தது. ஹார்லிக்வின்ஸ் அணியின் டாம் வில்லியம்ஸ் வாயில் போலி ரத்தக் குப்பியைக் கடித்து, காயம் என்ற பெயரில் வெளியே போனார். அவருக்குப் பதில் ஒரு உதை வல்லுநரை உள்ளே கொண்டுவரத்தான் அந்த நாடகம். சந்தேகம் வந்ததும், உடைமாற்றும் அறையில் அணி மருத்துவர் அவர் உதட்டை நிஜமாகவே வெட்டினார். பயிற்சி இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்றாண்டுத் தடை. இரண்டு வழக்குகளிலும் மைதானத்தில் விழுந்தவர் ஒருவர்தான், ஆனால் அவரைச் சுற்றி ஒரு பெஞ்சே இருந்தது. காயத்தைப் பார்த்து உண்மை சொல்ல வேண்டிய மருத்துவரையும் அணி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்றால், அங்கே ஆட வரும் இளம் வீரர் யாரை நம்புவார்?

அப்புறம் 1994 தடை. இவான் சமோரானோ 1992இல் ரியல் மாட்ரிட் சேர்ந்தவர், 1994-95 பருவத்தில் ஸ்பெயின் லீக்கில் 28 கோல் அடித்து முதலிடம் பிடித்தவர். அவருடைய உச்ச காலத்தில், அவருடைய நாடு உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டியில்கூட இல்லை. 1998இல் பிரான்ஸில்தான் சிலி திரும்பி வந்தது. சமோரானோவும் மார்செலோ சாலாஸும் சேர்ந்த அந்த அணி இத்தாலியோடு 2-2 சமன் செய்து, அடுத்த சுற்றுக்குப் போய், மறுபடியும் பிரேசிலிடமே 4-1 என்று தோற்றது. நடுவில் போன வருடங்கள் பிளேடை எடுத்தவர்களுடையவை அல்ல. நாடு முழுவதையும் தடை செய்தது மிகையானது என்றே நினைக்கிறேன். தண்டனையில் மிகச் சரியானது முதலாவதுதான்: அந்த ஆட்டத்தின் முடிவே 2-0 என்று போனது. எதற்காகப் பொய் சொன்னார்களோ அது கைக்கு வரவில்லை.

ஆதாயம் கையில் தங்கினால்

இந்தக் கோணத்தில் மற்ற வழக்குகளைப் பார்த்தால் வேறுபாடு உடனே புரியும். 2002 ஜூன் 3, தென்கொரியாவின் உல்சான். பிரேசில் துருக்கிக்கு எதிராக 2-1 முன்னிலையில், ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். கார்னர் எடுக்க நின்ற ரிவால்டோவை நோக்கி ஹக்கான் உன்சால் கடுப்போடு பந்தை உதைத்தார். பந்து பட்டது காலில். ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியேற்றம். பிறகு ஃபிஃபா ரிவால்டோவுக்கு கிட்டத்தட்ட 11,500 சுவிஸ் ஃப்ராங்க் அபராதம் போட்டது. அவருக்கு ஆட்டத் தடை எதுவும் இல்லை. உன்சாலின் அட்டை அப்படியே நின்றது, அவர் அடுத்த ஆட்டத்தை இழந்தார். அந்த மாதக் கடைசியில் ரிவால்டோ உலகக் கோப்பையைத் தூக்கினார். அவர் அற்புதமான ஆட்டக்காரர், அந்தத் தொடரில் ஐந்து கோல் அடித்தவர். இந்தத் தந்திரம் அவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கும் எந்த இளம் வீரருக்கும் அந்த விலை மலிவாகத்தான் தெரியும்.

விதிப்புத்தகம் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டாவது விதியின்படி, காயப்பட்டது போலவோ ஃபவுல் செய்யப்பட்டது போலவோ பாசாங்கு செய்து நடுவரை ஏமாற்ற முயல்வது விளையாட்டுப் பண்பற்ற நடத்தை, அதற்கு மஞ்சள் அட்டை. ஆனால் நடுவர் பிடித்தால்தான் அட்டை. பிடிபடாமல் கிடைத்த பெனால்டி ஆட்டத்தையே தீர்மானித்துவிடும். 2017-18 பருவத்தில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஒரு வழி கொண்டுவந்தது: நடித்துப் பெனால்டி வாங்கினாலோ எதிராளியை வெளியேற்ற வைத்தாலோ, ஆட்டம் முடிந்த பிறகு குழு ஒன்று காணொளி பார்த்து, இரண்டு ஆட்டத் தடை விதிக்கலாம். எவர்ட்டனின் ஊமர் நியாஸ், கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான 2-2 ஆட்டத்தில் வாங்கிய பெனால்டிக்காக அந்த நவம்பரில் தடை பெற்றார். பிரீமியர் லீக்கில் அந்த விதியில் மாட்டிய முதல் வீரர் அவர். பேலஸ் இழந்த புள்ளிகள் திரும்பி வரவில்லை. அந்த ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாத, எவர்ட்டனின் அடுத்த எதிரணிகளுக்குத்தான் நியாஸ் இல்லாத நன்மை கிடைத்தது.

வீடியோ உதவி நடுவர் முறை வந்ததும் இதில் ஒரு பகுதி சரியானது. 2018 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக நெய்மாருக்குக் கொடுத்த பெனால்டி காணொளி பார்த்து திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தொடரில் நெய்மார் தரையில் கிடந்த நேரத்தைச் சுவிஸ் ஒளிபரப்பு நிறுவனம் ஆர்டிஎஸ் கூட்டிப் பார்த்தது, நான்கு ஆட்டங்களில் கிட்டத்தட்ட 14 நிமிடம். அவர் அந்த உலகக் கோப்பைக்கு வந்ததே காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதங்களில், எதிரணிகள் அவரைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டும் இருந்தன. ஆனால் உருண்டு உருண்டு நம்பிக்கையைச் செலவழித்துவிட்டதால், நிஜமாக வலித்தபோதும் உலகம் சிரித்தது. நடிப்பின் மிகக் கொடிய விலை இதுதான் என்பேன். நிஜமாக அடிபட்டவரின் வலியை யாரும் நம்பாமல் போவது.

நம்பிக்கை எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வழக்கு உண்டு. 1999 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் மோதின. ஷெஃபீல்ட் வீரர் ஒருவர் காயப்பட்டதால் அவர்களின் கோல்கீப்பரே பந்தை வெளியே உதைத்தார். வழக்கப்படி ஆர்சனல் பந்தைத் திருப்பிக் கொடுக்க எறிந்தது. அன்றுதான் முதல்முறை அந்த அணிக்கு ஆடிய கானு அதைப் புரிந்துகொள்ளாமல் பந்தை எடுத்துக்கொண்டு ஓட, ஓவர்மார்ஸ் கோல் அடித்துவிட்டார். 2-1. விதிப்படி கோல் செல்லும். ஆட்டம் முடிந்தவுடன் ஆர்சனல் மேலாளர் ஆர்சன் வெங்கர் தானாகவே மறுஆட்டம் தருவதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து ஆடி மறுபடியும் 2-1 என்று ஜெயித்தார்கள். விழுந்து கிடப்பவருக்காகப் பந்தை வெளியே தட்டும் அந்த அருமையான வழக்கம் இன்று தேய்ந்துகொண்டே வருகிறது. கீழே கிடப்பவர் நிஜமாகவே அடிபட்டவரா என்ற சந்தேகம்தான் காரணம்.

இனி என்ன செய்யலாம்

பின்னால் வரும் அபராதத்தை விட, அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஆதாயத்தைப் பறிக்கும் விதிதான் வேலை செய்யும். இங்கிலாந்தில் 2023-24 பருவத்தில் ஒரு விதி வந்தது: மைதானத்தில் மருத்துவ உதவி பெற்ற வீரர் குறைந்தது 30 நொடி வெளியே நின்ற பிறகே உள்ளே வர முடியும். விழுந்து நேரம் கடத்தினால் அணி அந்த 30 நொடி பத்து பேரோடு ஆட வேண்டும். சின்ன விதிதான், ஆனால் செலவு உடனே, சரியான இடத்தில் விழுகிறது. எதிரணியின் ஃபவுலுக்கு மஞ்சளோ சிவப்போ கிடைத்திருந்தால் அடிபட்டவர் வெளியே நிற்கத் தேவையில்லை என்ற விலக்கும் உண்டு, அது நியாயம். தலைக் காயத்துக்கு உடனே ஆட்டத்தை நிறுத்துவதை மட்டும் யாரும் தொடக் கூடாது. சில வீரர்கள் தோளில் இடி வாங்கிவிட்டு முகத்தைப் பிடிப்பது இந்த விலக்கைத் தெரிந்துகொண்டுதான். இருந்தாலும் பத்துப் பொய்க்காக ஒரு நிஜமான மூளை அதிர்ச்சியைத் தவற விட முடியாது.

இதில் அடைக்கப்படாத ஓட்டை கோல்கீப்பர். அவர் மருத்துவ உதவி பெற்றால் வெளியே போக வேண்டியதில்லை, ஏனென்றால் கோல் காலியாக இருக்க முடியாது. அதனால் இன்று ஆட்டம் கை மீறிப்போகும்போது கோல்கீப்பர் தசைப்பிடிப்பு என்று உட்கார்ந்துகொள்வதும், மற்ற பத்து பேரும் ஓரக்கோட்டுக்கு ஓடி பயிற்சியாளரிடம் பேசுவதும் சகஜமாகிவிட்டது. கோல்கீப்பருக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் அவருக்குப் பதில் களவீரர் ஒருவர் அதே 30 நொடி வெளியே நிற்கட்டும். நிஜமான காயத்தோடு கிடக்கும் கோல்கீப்பரின் அணிக்கு இது அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். எதிராளி மோதி விழுந்திருந்தால் விலக்கு கொடுத்துவிடலாம், களவீரர்களுக்கு இப்போது இருப்பது போலவே. பக்கத்தில் யாருமே இல்லாமல், ஆட்டத்தின் 85வது நிமிடத்தில், 1-0 முன்னிலையில் உட்காரும் கோல்கீப்பர்களைப் பற்றித்தான் இந்த விதி.

ரோஹாஸின் தடையை ஃபிஃபா 2001இல் நீக்கியது. அப்போது அவருக்கு 43 வயது. கையுறையை மறுபடி மாட்டும் வயது கடந்துவிட்டது. ஆனால் சாவ் பாவ்லோ கிளப் அவரை ஒதுக்கவில்லை. கோல்கீப்பர் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. 2003இல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு அணியை பிரேசில் லீக்கில் மூன்றாமிடத்துக்குக் கொண்டுபோய், தென்னமெரிக்க கிளப்புகளின் முதன்மைத் தொடரான கோப்பா லிபர்ட்டடோரெஸுக்குத் தகுதி பெற வைத்தார்.